சம்மந்தி வீட்டு ஊறல்

இல்ல தம்பி, ஊர் சுத்திப் பாத்துட்டு வரல. கோவிச்சுக்கிட்டு வரேன். பெட்டியில ஏரோப்ளேன் சீட்டு ஒட்டியிருக்கறதப் பாத்துட்டுக் கேக்கறீங்க, தெரியுது. இத்தாலி. அவ்வளவு தூரம் போயி, சம்மந்தி வீட்டுல ரெண்டு மாசம் இருக்கணும்னு போயி, ஒரு மாசம்கூட முழுசா இருக்க முடியல. நீங்களும் விழுப்புரத்துலதானே எறங்கறீங்க? அப்ப கேளுங்க. யாருகிட்டயாவது சொல்லலன்னா எனக்கு நெஞ்சு அடைச்சிடும். சொந்தக்காரங்ககிட்ட வாயத் திறக்க முடியாது பாருங்க.

என் பேரு பொன்னுரங்கம். மதுவிலக்கு போலீஸ்ல இன்ஸ்பெக்டரா இருந்து ரிடையர் ஆனவன். சர்வீஸ் முழுக்க சாராயத்தக் கொட்டறதுதான் என் வேலை. ஓடைக்கரையில, கரும்புக்காட்டுல, கோயில் கொளத்துக்குள்ளகூட, காய்ச்சறவன் பேரல் பேரலா சாராய ஊறல் போட்டுப் பொதைச்சு வெச்சிருப்பான். மோப்ப நாய் தேவையில்ல, என் மூக்கே போதும். காத்து எந்தப் பக்கம் வீசுதுன்னு பாத்துட்டு நேரா நடந்து போயி, இந்தா இங்க தோண்டுன்னு சொல்லுவேன். தோண்டினா இருக்கும். கடப்பாரையால ஒரு குத்து, அவ்வளவுதான்.

ஒரு சொட்டு நாக்குல பட்டதில்ல. ஏன்னா நான் பாத்திருக்கேன் தம்பி. ஒரு ஊர்ல, பேரு வேணாம், விஷச் சாராயம் குடிச்சவனுங்களக் கொண்டாந்து ஆஸ்பத்திரி வராந்தாவுல போட்டிருந்தாங்க. ஒருத்தன் என் கையப் புடிச்சுக்கிட்டு, "சார், லைட்டப் போடச் சொல்லுங்க சார்"ங்கறான். பட்டப்பகல். வெயில் அவன் மூஞ்சியில அடிக்குது. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல எனக்கு. அதனால, இதெல்லாம் ஒரு கலாச்சாரம், ஒரு ரசனைன்னு எவனாவது எங்கிட்ட வந்து சொன்னா, எழுந்து போயிடுவேன்.

அப்பேர்ப்பட்டவன் வீட்டுப் பொண்ண எங்க குடுத்திருக்கேன் பாருங்க.

ஒரே பொண்ணு, எழிலரசி. இஞ்சினியரிங் மேல்படிப்புக்கு அங்க போனா. அங்கயே வேலை. அப்புறம் ஒரு நாள் போன்ல, அப்பா, எலியோன்னு ஒருத்தர், கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்னா. நான் குதிச்சேன். என் சம்சாரம் சுலோச்சனாதான் நடுவுல புகுந்து, நல்ல பையன், விவசாயக் குடும்பம், சொந்தமாத் திராட்சைத் தோட்டம் இருக்குன்னு சொன்னா. திராட்சைத் தோட்டம்! நான் என்ன நெனச்சேன்? கம்பம் பக்கம் போனா பந்தல்ல தொங்குமே, அந்த மாதிரி, கூடையில அடுக்கி மார்க்கெட்டுக்கு அனுப்பறவங்கன்னு நெனச்சேன். சொந்தத்துல எல்லாருகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். மாப்பிள்ளைக்கு மலை மேல திராட்சைத் தோட்டம்னு. அங்கயே ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. விருந்து கிருந்து ஒண்ணும் இல்ல. பொண்ணு வீட்டுக்காரங்க வந்தப்பறம்தான் விருந்துன்னு சம்மந்தி சொல்லிட்டாராம். அப்ப எனக்கு அது மரியாதையாத்தான் தெரிஞ்சுது.

இந்த செப்டம்பர்ல நானும் சுலோச்சனாவும் கிளம்பினோம். பொண்ணு மாசமா இருக்கா. பாத்த மாதிரியும் ஆச்சு, விருந்து சாப்ட்ட மாதிரியும் ஆச்சுன்னு போனோம்.

ஆஸ்தின்னு ஒரு ஊரு. அங்கேந்து குன்று குன்றா ஏறிப் போகணும். எங்க பாத்தாலும் திராட்சைக் கொடி, வரிசை வரிசையா. எழில் ஓட்டற கார் அவங்க வீட்டு கேட்டுக்குள்ள நுழையுது, நான் இன்னும் கதவத் திறக்கல, கண்ணாடிதான் எறக்கினேன். வந்துச்சு பாருங்க ஒரு வாடை. எனக்குத் தெரியாத வாடையா அது? ஊறல். வீட்டுக்கு அடியில ஊறல். "எழிலு, இங்க என்ன நடக்குது?"ன்னேன். அவ கண்ணாடியப் பாத்துக்கிட்டே, "ஒயின்பா. இவங்க பரம்பரையா ஒயின் பண்றவங்க"ங்கறா. பின் சீட்டுல சுலோச்சனா ஜன்னலுக்கு வெளிய பாக்கறா. அவளுக்கு முன்னாடியே தெரியும் தம்பி. ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு எங்கிட்ட மறைச்சிருக்காங்க.

அந்தாளு வாசல்ல நிக்கறான். மாப்பிள்ளையோட அப்பா, ரெனாத்தோ. நல்ல உயரம், கையெல்லாம் கருநீலமாக் கறை ஏறிப்போயி, நகத்துக்குள்ள எல்லாம். வந்தான், கட்டிப்புடிச்சான், இந்தக் கன்னத்துல ஒண்ணு, அந்தக் கன்னத்துல ஒண்ணு. சரி, ஒழியுதுன்னு நின்னா, சுலோச்சனாவுக்கும் அதே மாதிரி. இவ வாங்கிக்கிட்டு நிக்கறா, சிரிச்சுக்கிட்டு. என் பேரக் கேட்டான். சொன்னேன். பொன்னுரங்கம் அவன் வாயில நுழையல. ரங்கத்த விட்டுட்டான். அன்னையிலேந்து "பொன்னு, பொன்னு"தான். ஒரு ரிடையர்டு இன்ஸ்பெக்டர பொன்னுன்னு கூப்புடறான்.

மத்தியானம் சாப்பாடு. கறியும் எலும்பும் போட்டுக் கொதிக்க வெச்ச ரசம் மாதிரி ஒண்ணு, கிண்ணத்துல சூடா வந்துச்சு. அந்தாளு பாட்டில எடுத்து அந்த ரசத்துலயே அந்தச் சிவப்பு ஒயின ஊத்திக்கிட்டான். ஊத்தி, கிண்ணத்தத் தூக்கிக் குடிக்கறான். கேட்டா, அவங்க அப்பா காலத்துப் பழக்கமாம், வயலுக்குப் போறவங்களுக்குத் தெம்பாம். நான் எழுந்து வெளிய போயிட்டேன். அவன் சம்சாரம் பியேரா என்னடான்னா மாட்டுக்கறிய முந்தின நாளே ஒயின்ல ஊறப்போட்டுச் சமைக்குது. பேரிக்கா இருக்கே, பழம், அதையும் ஒயின்ல வேக வெக்குது. அந்த வீட்டுல எது வாய்க்குள்ள போனாலும் அது வழியாத்தான் வரணும். நான் தயிரும் வாழப்பழமும்தான் தின்னேன், பாதி நாள்.

பாதிரியார் வரார், குடிக்கறார். டாக்டர் வரார், குடிக்கறார். ஒரு நாள் அந்த ஊர் போலீஸ் அதிகாரி வந்தார். டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியாம், ஆனா யூனிஃபார்ம் கழட்டல. தோள்ல பட்டை, இடுப்புல பெல்ட்டு. உக்காந்தார், ஒரு கிளாஸ் வாங்கினார், வெளிச்சத்துல தூக்கிப் பாத்தார், குடிச்சார். யூனிஃபார்மோட தம்பி. எங்க அப்பாவும் போலீஸ்தான்னு எழில் பெருமையா சொன்னா. என்ன பிரிவுன்னு அவர் கேட்டார். நான் தமிழ்லயே சொன்னேன், காய்ச்சறவன், வெச்சிருக்கறவன், குடிக்கறவன் எல்லாரையும் புடிக்கற பிரிவுன்னு. அவ மொழிபெயர்த்தா. எல்லாரும் சிரிச்சாங்க. அப்படின்னா முதல்ல பாதிரியாரத்தான் புடிக்கணும்னு அந்த அதிகாரி சொன்னாராம். நான் சிரிக்கல.

என் பொண்ணு மட்டும் தொடல. அதுல எனக்கு ஒரு நிம்மதி. மாசமா இருக்கறதால டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காருன்னு சுலோச்சனா சொன்னா. அதெல்லாம் சும்மா தம்பி. வளர்ப்பு.

அறுவடை ஆரம்பிச்சுது. சும்மா உக்காந்திருக்க முடியுமா, நானும் ஒரு கத்திரிக்கோல வாங்கிக்கிட்டு எறங்கினேன். வேலை வேலைதானே. காலையில பனி, பத்து மணிக்கு மேல நல்ல வெயில். கொத்த ஒரு கையில தாங்கி, காம்ப வெட்டி, பெட்டியில வெக்கணும், நசுங்கக் கூடாது. அந்தாளு எனக்கு எதிர் வரிசை. அவன் அவன் பாட்டுக்குப் பேசுவான், நான் என் பாட்டுக்குப் பேசுவேன். அவனுக்கும் புரியாது, எனக்கும் புரியாது. ஆனா வரிசை முடியறப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் முடிப்போம். பழம் நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. சின்னச் சின்னதா, தோல் கெட்டியா, புளிப்பும் இனிப்புமா. இத அப்படியே தின்னா என்ன கேடுன்னு நான் கேட்டேன்.

அதக் கொண்டுபோயி நசுக்கி, பெரிய தொட்டியில விட்டு, தோலோட ஊறப் போடறாங்க. நொதிச்சு, நுரைச்சு, தோலெல்லாம் மேல வந்து கட்டியா மெதக்கும். அத ஒரு நீளக் கட்டையால அமுக்கி அமுக்கி உள்ள தள்ளணும், ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை. அந்தாளு தொட்டி மேல காத வெச்சுக் கேப்பான் தம்பி. புள்ளத்தாச்சி வயித்துல காத வெச்சுக் கேக்கற மாதிரி. கண்ண மூடிக்கிட்டுக் கேட்டு, பொண்டாட்டிகிட்ட ஏதோ சொல்லுவான், அவ தலையாட்டுவா. எங்கூர்ல இதே சத்தத்துக்கு நான் கடப்பாரையத் தூக்குவேன். இவன் இங்க பூஜை பண்றான்.

இப்பல்லாம் மிஷின்தான் நசுக்குது. ஆனா வீட்டுக்குன்னு ஒரு சின்னத் தொட்டி மட்டும் காலால மிதிக்கறது அவங்க பழக்கமாம். அந்த பியேரா, அறுபது வயசுக்கு மேல இருக்கும், கால்சட்டைய முழங்காலுக்குச் சுருட்டிக்கிட்டு எறங்குது. எறங்கி, கைய நீட்டி சுலோச்சனாவக் கூப்புடுது. நான் எதிர்ல நிக்கறேன். போகமாட்டான்னு நெனச்சேன். செருப்பக் கழட்டிட்டா. பொடவைய எடுத்துச் சொருகிக்கிட்டு எறங்கிட்டா. ரெண்டும் தோள்ல கையப் போட்டுக்கிட்டு மிதிக்குதுங்க. மொழி தெரியாது, ஒண்ணு இத்தாலியன்ல சொல்லுது, இன்னொண்ணு தமிழ்ல சொல்லுது, ரெண்டும் சிரிக்குதுங்க. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கறா சுலோச்சனா. இத்தனை வருஷத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அசிங்கம் தம்பி. கெண்டைக்கால் வரைக்கும் செவப்பு. அவ அத ரெண்டு நாள் தேச்சுக் கழுவவும் இல்ல.

இதெல்லாம்கூடப் போகட்டும். விருந்து வந்துச்சே, அதுதான்.

அறுவடை முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை விருந்துன்னு முடிவாச்சு. ஊர்ல பாதிப் பேரக் கூப்பிட்டாச்சு. ரெண்டு நாள் முன்னாடி அந்தாளு எங்களக் கீழ கூட்டிட்டுப் போனான். வீட்டுக்கு அடியில பாறையக் குடைஞ்சு ஒரு அறை. ஜில்லுன்னு இருக்கு. சுவரெல்லாம் பாட்டில். மூலையில ஒரு சின்ன மரப்பீப்பா, ஒரு ஆட்டுக்குட்டி படுத்திருக்கற அளவுக்கு. அது மேல கைய வெச்சுக்கிட்டு அவன் பேசினான், எழில் சொல்லிக்கிட்டே வந்தா. மாப்பிள்ளை பொறந்த வருஷம் போட்டதாம். திராட்சையப் பரண்ல மாசக்கணக்காக் காய வெச்சு, வத்தினப்பறம் புழிஞ்சு எடுத்ததாம். அதுக்கப்பறம் அதுலேந்து ஒரு சொட்டுகூட எடுக்கலியாம். ஆவியாகிக் குறையறத மட்டும் வருஷா வருஷம் நிரப்பி மூடி வெச்சுக்கிட்டே வந்திருக்கான். கல்யாணத்தப்பதான் திறக்கணும். அதுவும் அவன் திறக்கக் கூடாது. பொண்ணப் பெத்தவன் வந்து திறக்கணும். அவங்க வீட்டு வழக்கம் அது. அதுக்காகத்தான் விருந்தையே தள்ளிப் போட்டிருக்கான், எங்களுக்காக. அன்னைக்குத்தான் பீப்பாவுல புதுசா ஒரு மரக்குழாய் அடிச்சு வெச்சிருந்தான்.

நான் முடியாதுன்னேன்.

குடிக்க வேணாம், உங்களுக்கு வேற திராட்சைச் சாறு எடுத்து வெச்சிருக்கேன், குழாய மட்டும் திருப்புங்கன்னான். முடியாதுன்னேன். சரி, நான் திருப்பறேன், நீங்க என் கை மேல கைய வெச்சாப் போதும்னான். எழில் என்னையே பாக்கறா. இந்தக் கை கொட்டறதுக்குத்தான், ஊத்திக் குடுக்கறதுக்கு இல்லன்னு சொல்லுன்னேன். அவ அத அவனுக்குச் சொல்லல. தலையக் குனிஞ்சுக்கிட்டா. அந்தாளுக்கு அவ சொல்லாமலே புரிஞ்சிருக்கும்போல, பீப்பாவ ஒரு தட்டுத் தட்டிட்டு நகந்தான். அப்பத்தான் சுலோச்சனா வாயத் திறந்தா.

"நான் பெத்தவதானே. நான் திறக்கறேன்"ங்கறா.

ரூமுக்குப் போயி கதவச் சாத்திட்டுக் கேட்டேன், உனக்கு என்னடி ஆச்சுன்னு. சாதாரணமாவே சொல்றா. வந்த மூணாம் நாளே பியேரா ஒரு வாய் குடுத்துச்சாம், குடிச்சாளாம். நல்லா இருந்துச்சாம். கசப்பா, கொஞ்சம் நாவப்பழம் மாதிரி இருந்துச்சாம். என் வீட்டுல, என் பொண்டாட்டி. எப்படிடி உனக்கு மனசு வந்துச்சுன்னு கேட்டேன். அவ கட்டில்ல உக்காந்து பொடவைய மடிச்சுக்கிட்டே சொன்னா:

"முப்பத்தஞ்சு வருஷம் நீங்க ரெய்டு முடிச்சு வந்து கழட்டிப் போட்ட சட்டையத் துவைச்சிருக்கேன். வீடெல்லாம் அந்த நாத்தம். என் தலைமாட்டுல அந்த நாத்தம். சோத்துல அந்த நாத்தம். நீங்க குடிக்கல, சரி. அதோட குடித்தனம் பண்ணது நான்தான். மனுஷங்க இத உக்காந்து சிரிச்சுக்கிட்டுக் குடிப்பாங்கன்னு இங்க வந்துதான் பாத்தேன்."

என்ன பேச்சு பாருங்க. சட்டையத் துவைச்சாளாம். யாருக்காக ரெய்டு போனேன் நான்? எனக்கு மெடல் குடுத்தாங்க தம்பி, கலெக்டர் கையால. அன்னைக்குப் போட்டிருந்த சட்டையும் அவ துவைச்சதுதான், அத நான் இல்லன்னா சொல்றேன்?

மறுநாள் காலையில மாப்பிள்ளை உட்பட எல்லாரும் கடைசி வரிசை வெட்டக் கெளம்பிட்டாங்க. எனக்கு ஒடம்பு சரியில்லன்னு படுத்துக்கிட்டேன். வீட்டுல ஒருத்தரும் இல்ல. எழுந்து கீழ போனேன். மறைக்கறதுக்கு என்ன இருக்கு, செஞ்சது சரிதான்னு இப்பவும் சொல்றேன். ஞாயித்துக்கிழமை ஊரே பாக்க என் பொண்டாட்டி சாராயக் குழாயத் திறந்து விடறத நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா? போனேன், குழாயத் திருப்பினேன், கல் தரையில ஓட விட்டுட்டேன்.

செவப்பா வரும்னு பாத்தேன். இல்ல. தேன் கலர். கெட்டியா, சத்தமே இல்லாம வருது. வாடையும் நான் நெனச்ச மாதிரி இல்ல. உலர்ந்த திராட்சை, ஏலக்கா, பழைய மரப்பொட்டி, அந்த மாதிரி ஒண்ணு. நான் மூக்க மூடிக்கிட்டேன்.

எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. படியில காலடிச் சத்தம். அந்தாளு. எனக்குத்தான் ஒடம்பு சரியில்லன்னு பாக்க வந்திருக்கான், கையில சூடா ஏதோ டம்ளர். பின்னாடியே எழில். அவன் கத்துவான், அடிப்பான்னு எதிர்பாத்தேன். நானும் தயாராத்தான் நின்னேன். அவன் டம்ளரப் படியில வெச்சான். வந்து குழாய மூடினான். பீப்பாவத் தூக்கிப் பாத்தான், அடியில கொஞ்சம் ஆடுச்சு. அப்புறம் மெதுவா முட்டி போட்டு உக்காந்து, தரையில தேங்கியிருந்ததப் பாத்துக்கிட்டே இருந்தான். தோள் ரெண்டும் எறங்கிப்போச்சு. மாப்பிள்ளையோட அப்பா மாதிரி இல்ல, தாத்தா மாதிரி ஆயிட்டான் அந்த நிமிஷத்துல. எழில் அழறா. "ஏம்பா, ஏம்பா"ன்னு அதையே சொல்றா.

அப்புறம் அவன் என்ன செஞ்சான் தெரியுமா? தரையில வெரல நனைச்சு, தன் காதுக்குப் பின்னாடி தடவிக்கிட்டான். எழுந்து வந்து என் காதுக்குப் பின்னாடியும் தடவிட்டான். நான் ஒதுங்கறதுக்குள்ள தடவிட்டான் தம்பி. கீழ சிந்தினா அப்படித் தடவிக்கணுமாம், நல்லது நடக்குமாம். கண்ணு கலங்கியிருக்கு அவனுக்கு. எழில்கிட்ட ஏதோ சொன்னான். என்ன சொல்றான்னு கேட்டேன். அவ கண்ணத் தொடைச்சுக்கிட்டுச் சொன்னா.

"பொண்ணப் பெத்தவர் திறக்கணும், திறந்துட்டார். வழக்கம் நடந்துடுச்சுங்கறார்."

நக்கல் பாத்தீங்களா? முப்பது வருஷ சரக்கு தரையில ஓடுது, அந்த நேரத்துலயும் என்ன நக்கல் பண்றான். மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன் அந்தக் காத.

ஞாயித்துக்கிழமை விருந்து நடந்துச்சு. நான் மாடியில ரூம்லயே இருந்தேன். மிச்சம் இருந்தத ஆளுக்கு ஒரு விரற்கடை அளவு ஊத்தினாங்களாம், எல்லாருக்கும் வந்துச்சாம். சுலோச்சனா எலுமிச்சம்பழச் சாதம் கிளறியிருந்தா, அத அந்தூர்க்காரங்க தட்டு தட்டா வாங்கித் தின்னிருக்காங்க. கீழேந்து சத்தம் வருது, பாட்டு, கைத்தட்டல். நடுவுல இவ குரலும் கேக்குது. ஒருத்தராவது மேல வந்து கூப்பிடுவாங்கன்னு பாத்தேன். அந்தாளு மட்டும் வந்தான், ஒரு தட்டுல சாதத்தோட. வெச்சிட்டு, "பொன்னு"ன்னான். அவன் போனப்பறம் தட்டக் காலி பண்ணேன். பசிக்காதா?

மறுநாள் எழில் வந்தா. முகமே சரியில்ல. "அப்பா, டிக்கெட் மாத்திட்டேன். நீங்க கிளம்புங்க. அம்மா பிரசவம் வரைக்கும் இருக்கட்டும்"னா. நான் வளர்த்த பொண்ணு. சரி, வாடின்னு சுலோச்சனாவக் கூப்பிட்டேன். அவ வரல. பிரசவத்துக்கு யாரு இருப்பாங்கன்னா. நியாயம்தான். பிரசவம் எப்போன்னேன், பிப்ரவரின்னா. அப்ப மார்ச்சுல வந்துடுவியான்னேன். பாக்கலாம்னா. தோட்டத்துல அப்பத்தான் கொடியெல்லாம் வெட்டிக் கட்டுவாங்களாம், பியேராவுக்கு முட்டி வலியாம், கூட மாட ஒத்தாசையா இருக்கலாம்னு பாக்கறாளாம்.

ஏர்போர்ட்டுக்கும் அந்தாளுதான் கார் ஓட்டிட்டு வந்தான். ரெண்டு மணி நேரம். எறக்கி விட்டுட்டு, பெட்டிய எடுத்துக் குடுத்துட்டு, ரெண்டு கையயும் சேத்துக் கும்பிட்டான். சுலோச்சனா சொல்லிக் குடுத்திருப்பா. நான் பதிலுக்குக் கும்பிடல. கை ரெண்டுலயும் பெட்டி இருந்துச்சு.

அதான் சொல்றேன், அந்த ஜனங்களே வேணாம். எல்லாத்தயும் ஒரு வழக்கம்ங்கறாங்க, எல்லாத்தயும் சிரிச்சுக்கிட்டே பண்றாங்க. கோவமாவது ஒழுங்காப் படறாங்களான்னா, அதுவும் இல்ல.

திண்டிவனம் தாண்டிட்டமா? அப்ப இன்னும் கொஞ்ச நேரம்தான்.

கெளம்பறப்ப சுலோச்சனா வாசல் வரைக்கும் வந்தா. ரெண்டே ரெண்டு விஷயம் சொன்னா. வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு மல்லிகாகிட்ட இருக்கு. அரிசி நீல டின்னுல இருக்கு. அவ்வளவுதான். உள்ள போயிட்டா. அரிசி டின்னுல இருக்குன்னா, இனிமே நானே சமைச்சுக்கணும்னா அர்த்தம்? அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா? போன் பண்ணிக் கேக்கறதுக்கு எனக்கு மனசு வரல.

உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா தம்பி? ஒரு ஆளுக்குன்னா, ஒரு டம்ளர் அரிசி போதும்ல? அதுக்கு எவ்வளவு தண்ணி வெக்கணும்?